எத்தனை லோடு சொல்லலாம்?

வீடு கட்டுபவர்கள் கம்பி விலையும் சிமென்ட் விலையும் பத்துக் கடையில் விசாரிக்கிறார்கள். தளத்துக்கு எவ்வளவு கான்கிரீட் என்ற கேள்வியை மட்டும் மேஸ்திரியின் வாய்க்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை என்ன?

மதியம் இரண்டரை மணி, சித்திரை வெயில். பெருங்களத்தூரைத் தாண்டி ஒரு புது மனைப்பிரிவு. மாடித் தளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிய இடத்தில் இப்போது கான்கிரீட் பம்ப் இருமிக்கொண்டிருக்கிறது. மேலே குழாய் முனையைப் பிடித்திருப்பவர் கையை உயர்த்துகிறார். கீழே லாரி டிரைவர் டிரம்மை முன்னும் பின்னுமாகச் சுற்றிப் பார்க்கிறார். சொட்டுவது வெறும் சாந்துத் தண்ணீர்.

சமையலறை மூலையில் கம்பி இன்னும் தெரிகிறது. மேஸ்திரி காலடியால் அளக்கிறார். பத்துக்கு எட்டு. எண்பது சதுர அடி. ஐந்து அங்குலத் தளத்துக்கு ஒரு கனமீட்டர்கூட முழுதாக வேண்டாம். வீட்டுக்காரர் ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்குப் போன் போடுகிறார். “அடுத்த வண்டி அஞ்சு மணிக்கு மேலதான் சார்.”

செங்கல் கட்டுக்கு வைத்திருந்த சிமென்டில் எட்டு மூட்டை வந்தது. மிக்சர் மிஷின் இல்லை. கீழே தகடு விரித்து மண்வெட்டியால் கலந்தார்கள். எம்.சாண்ட் போதவில்லை. பூச்சு வேலைக்கு இறக்கியிருந்த பி.சாண்ட் உள்ளே போனது. தண்ணீருக்கு அளவே கிடையாது, பக்கெட்டில் மொண்டு ஊற்றியதுதான். சித்தாள்கள் பாண்டில் சுமந்து மேலே ஏற்றத் தொடங்கும்போது மணி நான்கைத் தாண்டிவிட்டது. மதியம் கொட்டிய கான்கிரீட்டின் விளிம்பில் மேஸ்திரி பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பதியவில்லை.

வேலையாட்களுக்குச் சொல்லியிருந்த பிரியாணிப் பொட்டலங்கள் மட்டும் எண்ணிக்கை பிசகாமல் வந்திருந்தன.

ஆளுக்கொரு கணக்கு

‘ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு எவ்வளவு கான்கிரீட்?’ கேட்பவர் ஒருவரே என்றாலும், பதில் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் எடுத்த கான்ட்ராக்டருக்கு ஒவ்வொரு கன அடியும் கைக்காசு. ஐந்து அங்குலத் தளம் நாலரையாக இளைத்தால் லாபம் அவருக்கு. கூலிக்கு மட்டும் பேசிய மேஸ்திரிக்குப் பொருளின் விலை ஒரு பொருட்டே இல்லை, அது வீட்டுக்காரர் தலையில். அவருக்கு இருப்பது பாதியில் நிற்கக்கூடாதே என்ற கவலை. எனவே “எதுக்கும் பத்து மூட்டை கூட எறக்கிடுங்க” என்பார். ரெடிமிக்ஸ் கம்பெனியின் விற்பனை ஆளுக்குக் கனமீட்டர்தான் சரக்கு. கூடுதலாகச் சொன்னால் அவர் ஏன் தடுக்கப்போகிறார்?

இவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் நஷ்டம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாக விடை சாய்கிறது. கூடினாலும் குறைந்தாலும் நஷ்டப்படும் ஒரே ஆள் வீட்டுக்காரர். அந்த ஒருவர்தான் பெரும்பாலும் கணக்கே போடுவதில்லை.

முன்பு இந்தத் தலைவலி இந்த வடிவில் இல்லை. தேக்குக் கட்டைமேல் சிறு செங்கற்களைப் படுக்கவிடாமல் குத்துவாக்கில் அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போட்ட மெட்ராஸ் டெரஸ் காலத்தில், இன்று தீர்ந்தால் நாளைக்கு அரைத்துக்கொள்ளலாம். கம்பி போட்ட கான்கிரீட் வந்தபின்தான் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசரம் வந்தது. அப்போதும் மணலும் ஜல்லியும் வாசலில் குவிந்திருக்கும். குறைந்தால் இன்னும் நாலு கலவை போட்டால் போயிற்று. 1990-களுக்குப் பிறகு பரவிய ரெடிமிக்ஸ் அந்தச் சலுகையையும் எடுத்துக்கொண்டது. முதல்நாளே எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

விலையும் விளையாடுகிறது. கனிம நிலங்களுக்கான வரி நடைமுறைக்கு வந்ததும் 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், எம்.சாண்டுக்கும் ஜல்லிக்கும் வீடு கட்டுபவர்கள் அல்லாடினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, பட்ஜெட்டை மூட்டைக் கணக்கில் போட்டவர்களும் திருப்பிப் போட வேண்டியதாயிற்று.

அந்த அரை அங்குலம்

அடிப்படைக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம்தான்: நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்குவது. நீளமும் அகலமும் சாதாரணமாகத் தப்புவதில்லை. தப்புவது கனம்.

ஆயிரம் சதுர அடியில் அரை அங்குலம் என்பது 41.7 கன அடி. கனமீட்டரில் 1.18. கையால் கலந்தால் ஒன்பதரை மூட்டை சிமென்ட். வரைபடத்தில் பென்சில் கோட்டின் தடிமன்கூட இல்லாத இந்த அளவு, தளத்தில் ஆறு கனமீட்டர் லாரியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

எங்கிருந்து வருகிறது அது? சென்ட்ரிங்கிலிருந்து. ஐந்து அங்குலத் தளம் ஈரமாக இருக்கும்போது சதுர அடிக்கு சுமார் 30 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 30 டன், அதற்கு மேல் ஆட்களும் குழாயும் வைப்ரேட்டரும். முட்டு நெருக்கமாக இல்லாவிட்டாலும், அடியில் மண் இளகியிருந்தாலும், நெளிந்த பழைய தகடுகளைப் பரப்பியிருந்தாலும் நடுவில் வயிறு தொங்கும். மேல்மட்டத்தை நூல் பிடித்துச் சமமாக்கும்போது அந்தத் தொங்கல் முழுக்கக் கான்கிரீட்டால் நிரம்பும். கேட்டதற்கு மேல் செலவாவதோடு, கிட்டத்தட்ட 3 டன் எடை காலத்துக்கும் வீட்டின் தலையில் உட்கார்ந்துகொள்ளும்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். கான்கிரீட் பத்தாது போலிருக்கிறதே என்று கடைசி நேரத்தில் மட்டப்பலகையை அழுத்தி இழுத்து, அரை அங்குலம் இளைக்கவிடுகிறார்கள். நம் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 456, சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போர்வை கேட்கிறது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். மேல்கம்பிக்குக் கிடைக்க வேண்டிய போர்வையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

எனவே வரைபடத்தை வைத்துப் போட்ட கணக்கு முதல் கணக்குதான். கம்பி கட்டி முடித்த மாலையில், பக்கப்பலகையின் மேல்விளிம்பில் ஓரத்துக்கு ஓரம் நூல் கட்டி, நூலுக்கும் தகட்டுக்கும் உள்ள ஆழத்தை அறைக்கு நாலைந்து இடத்தில் டேப்பால் அளந்து சராசரி எடுப்பதுதான் உண்மைக் கணக்கு. அரைமணி நேர வேலை. இதைச் செய்யும் வீட்டுக்காரரை மேஸ்திரி ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

■ பெட்டிச் செய்தி: ஒரு தளம், ஒரு கணக்கு

40 அடிக்கு 25 அடி, 5 அங்குலத் தளம்: 417 கன அடி (11.8 கனமீட்டர்)

பீம் மொத்த நீளம் 200 அடி, அகலம் 9 அங்குலம், தளத்துக்குக் கீழே தொங்கும் ஆழம் 10 அங்குலம்: 125 கன அடி (3.5 கனமீட்டர்)

கூட்டினால்: 542 கன அடி (15.3 கனமீட்டர்)

சேதாரம் 4 சதவீதம்: 0.6 கனமீட்டர்

பம்ப் குழாயில் தங்குவது: 0.5 கனமீட்டர்

தயாராக வைத்திருக்க வேண்டியது: சுமார் 16.5 கனமீட்டர்

(1 கனமீட்டர் = 35.3 கன அடி. மணல், ஜல்லி வாங்கும்போது 1 யூனிட் = 100 கன அடி.)

பீமும் படிக்கட்டும்

பீமில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 15 அங்குல பீம் என்றால் அதில் மேல் 5 அங்குலம் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. தளத்தை முழுப் பரப்புக்கும் போட்டுவிட்டு, பீமையும் முழு ஆழத்துக்குப் போட்டால் அந்த 5 அங்குலம் இரண்டு முறை வந்துவிடும். மேலே உள்ள கணக்கில் இது 62.5 கன அடி, கிட்டத்தட்ட 1.8 கனமீட்டர் வீண். கம்பி அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம், கட்டுமான அளவெடுப்பு முறையே அதைக் கழிப்பதில்லை.

படிக்கட்டு நேர்மாறு. தளத்தில் படிக்கட்டுத் திறப்பைக் கழித்துவிடுவார்கள், படிக்கட்டின் சாய்வுத் தளத்தைக் கூட்ட மறந்துவிடுவார்கள். அதைத் தரையில் விழும் நீளமாக எடுக்காமல் சாய்வு வாக்கில் அளக்க வேண்டும். மேலே உட்காரும் முக்கோணப் படிகள் தனி. மூன்றரை அடி அகலத்தில் 10 அங்குல மிதியும் 6 அங்குல உயரமும் உள்ள 18 படிக்கு 13 கன அடி.

அடித்தளத்தில் விடை இன்னும் ஆடும். சரிவாக மேலே குறுகும் பூட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஐந்துக்கு ஐந்து அடி, மேலே ஒன்றரைக்கு ஒன்றரை, சரிவின் உயரம் ஒரு அடி. இரண்டு பரப்பையும் கூட்டிப் பாதியாக்கினால் 13.6 கன அடி வரும். பக்கங்களைச் சராசரி ஆக்கிப் பெருக்கினால் 10.6. சரியான விடை 11.6. இரண்டு பரப்புகளோடு, அவற்றைப் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தையும் கூட்டி, மூன்றால் வகுத்து, உயரத்தால் பெருக்க வேண்டும். பதினான்கு பூட்டிங் உள்ள வீட்டில் முதல் வழி 0.8 கனமீட்டர் கூட்டிச் சொல்லும். இரண்டாம் வழி 0.4 குறைத்துச் சொல்லும். பூட்டிங்குக்கு அடியில் போடும் பி.சி.சி.யில் எந்தச் சூத்திரமும் முழுதாக உதவாது. ஜே.சி.பி. தோண்டிய குழியின் அடி சமமாக இருந்த சரித்திரமில்லை. அங்கே மட்டும் தாராளமாகச் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை.

குழாயில் தங்குவது

பெட்டியில் உள்ள அந்த அரை கனமீட்டர் பலருக்குப் புதிதாக இருக்கும். லைன் பம்ப்பின் குழாய் பெரும்பாலும் ஐந்து அங்குல விட்டம். 40 மீட்டர் நீளத்துக்குக் குழாய் பூட்டினால் அதன் வயிற்றிலேயே சுமார் 0.49 கனமீட்டர் கான்கிரீட் நிற்கும். பம்ப்பின் தொட்டியில் எப்போதும் கொஞ்சம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காற்றை இழுத்துவிடும். வேலை முடிந்து குழாயைக் கழுவும்போது இந்தச் சரக்கில் பெரும்பகுதி தளத்துக்கு வருவதில்லை. தெருமுனையில் பம்ப் நிற்கிறது, வீடு நாலாவது மனை என்றால் நஷ்டம் கூடும். தொடக்கத்தில் குழாய்க்குள் வழவழப்புக்காக ஓடவிடும் சிமென்ட் பாலையும் தளத்தில் கொட்டவிடக்கூடாது. பக்கத்தில் ஒரு டிரம்மில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: வாசலிலேயே கலப்பவர்களுக்கு

ஒரு கனமீட்டர் எம் 20 கான்கிரீட்டுக்கு (1 : 1½ : 3):

சிமென்ட்: 8 மூட்டை

மணல் அல்லது எம்.சாண்ட்: 15 கன அடி

முக்கால் அங்குல ஜல்லி: 30 கன அடி

தண்ணீர்: மூட்டைக்கு 30 லிட்டர் (மணலில் உள்ள ஈரமும் இதில் சேர்த்தி)

மணலும் ஜல்லியும் சேர்த்தாலே 45 கன அடி, ஆனால் ஒரு கனமீட்டர் என்பது 35.3 கன அடிதானே என்று குழம்ப வேண்டாம். ஒரு படி கடலையும் ஒரு படி ரவையும் கலந்தால் இரண்டு படி வராது. ஜல்லியின் இடுக்கில் மணலும் மணலின் இடுக்கில் சிமென்டும் போய் உட்காரும். உலர்ந்த பொருள் 1.54 பங்கு போட்டால் குத்தி இறுக்கிய கான்கிரீட் 1 பங்கு கிடைக்கும் என்பது வழக்கக் கணக்கு. தளத்தின் கன அளவை அப்படியே ஜல்லிக் கடையில் சொன்னால் இங்கேதான் கணக்கு உதைக்கும்.

பாண்டுக் கணக்கை நம்ப வேண்டாம். காலையில் குவித்து வைக்கும் பாண்டும் மாலையில் களைத்த கை வைக்கும் பாண்டும் ஒன்றல்ல. ஒரு மூட்டை சிமென்ட் சுமார் 35 லிட்டர் இடம் பிடிக்கும். அந்த அளவுக்கு ஒரு மரப்பெட்டி அடித்துக்கொண்டால் பெட்டிக் கணக்கில் கலக்கலாம். எம் 20-க்கு மேற்பட்ட கான்கிரீட்டை இப்படி விகிதக் கணக்கில் கலக்க ஐ.எஸ். 456 இடம் தருவதில்லை.

குறைந்தால்…

மிஞ்சினால் போவது பணம். குறைந்தால் நடப்பது வேறு.

முதலில் கலவைக்குள் தண்ணீர் போகும். இரண்டாவது லோடு முடியும்போதே பத்தாது என்று தெரிந்துவிட்டால் அடுத்த லோடில் டிரம்முக்குள் ஹோஸைச் செருகுவார்கள். கான்கிரீட் தளதளவென்று ஓடும், பரப்ப எளிதாக இருக்கும், எண்ணிக்கை கூடின மாதிரியும் தெரியும். கூடுவது தண்ணீர்தான். அது ஆவியாகிப் போன வழியெல்லாம் நுண்துளை நிற்கும், வலு இறங்கும்.

அடுத்தது ஜாயின்ட். கான்கிரீட் இறுகத் தொடங்கிய விளிம்பில் புதுக் கான்கிரீட்டைக் கொட்டினால் இரண்டும் ஒட்டி நிற்கும், ஒன்றாகாது. கோல்டு ஜாயின்ட் என்று தளத்தில் சொல்வது இதைத்தான். சித்திரை, வைகாசி வெயிலில் இறுகல் இன்னும் சீக்கிரம் வரும். மேலே சிமென்ட் பால் தடவி மட்டப்பலகை இழுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் தெரியும். சீலிங்கில் ஒரே கோட்டில் ஈரம் பூக்கும். வீட்டுக்காரர் வாட்டர் புரூஃபிங் ஆளைத் தேடுவார். கோட்டின் வழியாக இறங்கும் நீர் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடத்தைத் தராத கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் வேகமாக நடக்கும். பெருங்களத்தூர் வீட்டைப் போல மிச்சம் விட்ட மூலை சமையலறைக்கு மேலேயோ குளியலறைக்கு மேலேயோ அமைந்தால் கேட்கவே வேண்டாம்.

நிறுத்தியே ஆகவேண்டிய நிலை வந்தால், எங்கே நிறுத்துவது என்பதையாவது நம் கையில் வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் தீர்ந்த இடத்தில் சரிவாக விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது, அதுதான் கெடுதல். தாங்கும் பீமுக்கோ சுவருக்கோ ஒட்டி நிறுத்தக்கூடாது. இரண்டு தாங்கலுக்கும் நடுவே, வெட்டு விசை குறைவாக இருக்கும் பகுதியில், பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இடத்தைப் பொறியாளர் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல. மறுபடி போடும்போது பழைய முகத்தில் படிந்த பாலாடையைச் சுரண்டி, கம்பித் துடைப்பத்தால் தேய்த்து, நனைத்து, சிமென்ட் பால் பூசியபின்தான் புதுக் கான்கிரீட். அதையும் வைப்ரேட்டர் விட்டுக் குத்த வேண்டும். எட்டு மூட்டை மண்வெட்டிக் கலவைக்கு யாரும் இவ்வளவு செய்வதில்லை. குறை வந்தால் தீமை இவ்வளவு பெரிதாவதன் காரணம் இதுதான்: குறைந்த அளவு சிறியது என்பதால் அதற்குரிய மரியாதையே கிடைப்பதில்லை.

லாரியில் வந்தது எவ்வளவு?

நீங்கள் சரியாகச் சொன்னீர்கள், வந்தது சரியா? டிரம்முக்குள் எட்டிப் பார்த்து ஆறு கனமீட்டரையும் ஐந்தரையையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எடை சொல்லும். கான்கிரீட்டின் எடை கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. ஆறு கனமீட்டர் லோடு என்றால் வண்டி எடை போக 14.4 டன் அளவில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு லோடைப் பக்கத்து எடை மேடையில் ஏற்றி, காலியாகத் திரும்பும்போது மறுபடி எடை போட்டால் போதும். முதல் லோடிலேயே செய்துவிடுவது நல்லது. அடுத்த லோடுகள் தாமாகவே சரியாக வரும்.

ஒவ்வொரு லோடுக்கும் பிளான்ட்டில் பேட்ச் ரிப்போர்ட் அச்சாகிறது. சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எல்லாம் கிலோவில் இருக்கும். டிரைவரிடம் கேட்டு வாங்கலாம். அதிலுள்ள ஏற்றிய நேரத்தையும் பாருங்கள். ரெடிமிக்ஸுக்கான ஐ.எஸ். 4926, ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்கிறது. பெருங்களத்தூர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் இரண்டு மணி நேரம் ஒன்றும் பெரிய நேரமில்லை.

கூடவே வலுவைச் சோதிக்கக் கான்கிரீட் கியூப் எடுக்கச் சொல்லுங்கள். 16 முதல் 30 கனமீட்டர் வரை மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப் என்பது ஐ.எஸ். 456 கணக்கு. ஒன்பது அச்சு எடுத்துவைக்க மேஸ்திரிக்கு அலுப்பாக இருக்கும். தனி வீடுகளில் இதை அநேகமாக யாருமே செய்வதில்லை.

கடைசி லோடு

பெரிய தளங்களில் பொறியாளர்கள் செய்யும் ஒரு வழக்கம் தனி வீட்டுக்கும் பொருந்தும். 16.5 கனமீட்டரையும் ஒரே மூச்சில் உறுதி செய்யாமல், ஆறு ஆறாக இரண்டு லோடை உறுதி செய்து, மூன்றாவதைத் திறந்து வைப்பது. இரண்டாவது லாரி பாதி இறங்கியதும் ஒருவர் டேப்போடு மேலே போக வேண்டும். மீதிப் பரப்பு, அதன் சராசரி ஆழம், நிரம்பாத பீம்களின் நீளம் மூன்றையும் அங்கேயே அளந்து, குழாயில் நிற்பதையும் நினைவில் வைத்து, பிளான்ட்டுக்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவு நேரமும் சென்ட்ரிங் எவ்வளவு தொங்கியது, எவ்வளவு சிந்தியது என்பதெல்லாம் அந்த அளவுக்குள் வந்துவிடும். இந்த ஏற்பாட்டை முதல்நாளே பிளான்ட்டில் பேசி வைக்காவிட்டால் பதில் ‘அஞ்சு மணிக்கு மேல்தான்’ என்று வரும். மாலை நேரத்தில் கனரக வண்டிகளை விடாத சாலையில் வீடு இருந்தால், காலை ஏழு மணிக்கே முதல் லாரி நிற்கும்படி பேச வேண்டும்.

இப்படிச் செய்தும் கால், அரை கனமீட்டர் மிஞ்சும். மிஞ்சட்டும். ஆனால் அதற்கு இடம் தயாராக இருக்க வேண்டும். சம்ப் மூடிக்கும் செப்டிக் டேங்க் மூடிக்கும் கம்பி கட்டி அச்சு வைத்துவிடலாம், காம்பவுண்ட் தூணுக்கான குழியில் பி.சி.சி. போடலாம், துணி துவைக்கும் மேடைக்குப் பலகை அடித்து வைக்கலாம். உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருவது என்று கணக்கிடுகிறார்கள். பக்கத்துக் காலி மனையில் கொட்டி இறுகிக் கிடக்கும் மேடுகளும் அதில் சேர்த்திதான். நாளைக்கு அந்த மனைக்காரர் வாசல் தேடி வந்து சண்டை பிடிப்பது தனிக்கதை.

எதுவும் தயாராக இல்லையென்றால் டிரைவர் “எங்க சார் கொட்டட்டும்?” என்பார். பிளான்ட்டுக்கே திருப்பி அனுப்பினாலும் பில்லில் கழிக்கமாட்டார்கள்.